கூட நின்றவர்கள்

"அவன் வெட்டலட்டி. கூடத்தான் நின்னான்."

அத்தை இதைச் சொல்லாமல் ஒரு மாதமும் போனதில்லை. அத்தை மகன் ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவன். சாதிப் பகையில் நடந்த கொலை. மொத்தம் ஒன்பது பேர் மீது வழக்கு. அரிவாளைத் தூக்கியவர்கள் மூன்று பேர் என்று சாட்சிகள் சொன்னார்கள். தண்டனை ஒன்பது பேருக்கும் ஒன்றுதான். அத்தை கங்கைகொண்டானில் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, நெல்லை சந்திப்பில் இறங்கி அடுத்த பஸ் மாறி, சிறை வாசலில் மனுப் போட்டு, வரிசையில் காத்துக் கிடந்து, மகனைச் சில நிமிடம் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பி வருவாள். திண்ணையில் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது தண்ணீர். அடுத்தது இந்தக் கேள்வி: "கூட நின்னதுக்கும் வெட்டுனதுக்கும் ஒரே கணக்கா? இது எந்த ஊர் நியாயம்?"

நான் வழக்கறிஞர் இல்லை. கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். சொற்களை நிறுத்தி நிதானித்துப் படிப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வேலை. அத்தையின் கேள்விக்குப் பதில் தேடித்தான் முதன்முதலாகச் சட்டப் புத்தகத்தைப் பிரித்தேன். இந்திய தண்டனைச் சட்டம், 149ஆம் பிரிவு. ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமாகக் கூடி, அந்தக் கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக அவர்களில் ஒருவர் ஒரு குற்றத்தைச் செய்தால், அந்த நேரத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் அந்தக் குற்றத்தைச் செய்தவராகவே கருதப்படுவார். அப்படி ஒன்று நடக்கக்கூடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தாலே போதும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 190ஆம் பிரிவு. வெறுமனே அந்த இடத்தில் இருந்தது மட்டும் போதாது, நோக்கத்திலும் பங்கு இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லி வந்திருக்கின்றன. ஆனாலும் பிரிவின் சாரம் இதுதான்: நடக்கப்போவது தெரிந்தும் நின்றாய், ஆகவே நீயும் செய்தாய்.

அத்தையிடம் இதை விளக்கியபோது அவள் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கோ இது சரியான சட்டம் என்றே பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது. ஒன்பது பேர் சூழ்ந்து நிற்காவிட்டால் மூன்று பேருக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது. சாதிக் கொலை என்பது எப்போதும் கூட்டமாகச் செய்யப்படும் வேலை. நான் கேட்க வந்தது வேறொன்று. கூட நின்றவரைக் கொலையாளியாகப் பார்க்கத் தெரிந்த இந்தச் சட்டம், சிறைச் சுவருக்கு உள்ளே போனதும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது?

2021 ஏப்ரல் 22 அன்று பாளையங்கோட்டை மத்திய சிறைக்குள் முத்துமனோ கொல்லப்பட்டார். வயது 27. நெல்லை மாவட்டம் வாகைக்குளத்தைச் சேர்ந்தவர். பட்டியல் சாதியில் பிறந்தவர். அவர் அப்போது விசாரணைக் கைதி. ஸ்ரீவைகுண்டம் கிளைச் சிறையில் இருந்தவரை அன்றுதான் பாளைக்கு மாற்றியிருந்தார்கள். வந்த அன்றே கொல்லப்பட்டார். சக கைதிகள் ஏழு பேர் மீது கொலை வழக்குப் பதிவானது. சிறைப் பணியாளர்கள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். வழக்கு சிபிசிஐடி வசம் போனது. சிறை அதிகாரிகள் மீது நடவடிக்கை வேண்டும் என்று கேட்டு, குடும்பம் இரண்டு மாதங்களுக்கும் மேலாக உடலை வாங்க மறுத்தது.

இப்படிப்பட்ட சாவுகளுக்கு நம் செய்தி மொழியில் ஒரு சொல் தயாராக இருக்கிறது: மோதல். 'கைதிகளிடையே மோதல், ஒருவர் சாவு.' மோதல் என்றால் இரண்டு பக்கமும் மோத வேண்டும். ஏழு பேர் ஒருவரை அடித்துக் கொல்வதற்குத் தமிழில் மோதல் என்று பெயர் கிடையாது. அந்தச் சொல்லைப் போட்டதும் இறந்தவரும் பாதிக் குற்றவாளி ஆகிவிடுகிறார். அரசு அந்த இடத்தைவிட்டே காணாமல் போய்விடுகிறது.

இன்னொரு சொல் முன்விரோதம். எங்கள் பக்கத்தில் கொலைச் செய்தி என்றால் இந்தச் சொல் இல்லாமல் இருக்காது. நடந்ததற்குக் காரணம் சொல்லியாயிற்று என்ற திருப்தியை அது கொடுக்கிறது. என் மாணவிகளிடம் நான் சொல்வது, அந்தச் சொல்லைப் பிரித்துப் படியுங்கள் என்று. முன் விரோதம். அதாவது, கொலைக்கு முன்பே இருந்த விரோதம். முன்பே இருந்தது என்றால் முன்பே தெரிந்திருக்கலாம். ஊருக்குத் தெரியும், காவல் நிலையத்துக்குத் தெரியும், கைதியை அழைத்து வந்தவர்களுக்குத் தெரியும், சிறைப் பதிவேட்டில் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விளக்கம் என்று நாம் எடுத்துக்கொள்ளும் சொல், உண்மையில் சிறை நிர்வாகத்தின் மீது வைக்கப்பட வேண்டிய குற்றச்சாட்டின் முதல் வரி.

பாளைச் சிறையைப் பொறுத்தவரை இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. அந்தச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் அடைத்துவைப்பது நீதிமன்ற ஆவணங்களிலேயே இருக்கும் செய்தி. இதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதிச் சண்டை அதிகம், அதைத் தவிர்க்கவே வெவ்வேறு சாதியினரை வெவ்வேறு பகுதிகளில் வைக்கிறோம் என்றது அரசு. 2014இல் உயர் நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டது.

பத்தாண்டுகள் கழித்து, 2024 அக்டோபர் 3 அன்று, உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பல மாநிலங்களின் சிறைகளில் வேலையும் இடமும் சாதிப்படி பிரிக்கப்படுவதை நேரில் விசாரித்து எழுதிய பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கு அது. ஒரு பெண் எழுதிய செய்திக் கட்டுரை, சிறை விதிப் புத்தகங்களையே திருத்தச் சொல்லும் தீர்ப்பாக முடிந்தது. தேவர், நாடார், பள்ளர் என்று பாளைச் சிறையில் இடம் பிரிக்கப்படுவதும் அந்த வழக்கில் சொல்லப்பட்டிருந்தது. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் கடமை, அதற்குச் சாதிப் பிரிவினையைக் கருவியாக்கக் கூடாது என்றது நீதிமன்றம்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. சாதிவாரியாகப் பிரித்தது தவறு. அதே சமயம், அந்தப் பிரிவினைக்கு அரசு சொன்ன காரணம் ஒரு வாக்குமூலம். 'இவர்களை ஒன்றாக வைத்தால் கொலை விழும்' என்று நீதிமன்றத்தில் சொன்னவர், பிறகு ஒரு கொலை விழும்போது 'எதிர்பாராமல் நடந்துவிட்டது' என்று சொல்ல முடியாது. சாதியை வைத்துச் சுவர் கட்டிய ஓர் இடத்தில், ஒருவரைச் சுவரின் தவறான பக்கத்தில் கொண்டுபோய் விடுவதே ஆயுதம் ஆகிவிடும். யார் அவரை அங்கே அனுப்பியது, ஏன் அன்றைக்கு, எந்தப் பகுதிக்கு என்று குடும்பம் கேட்டது இதைத்தான்.

கைகள் கைதிகளுடையவை, சாவி அரசுடையது என்பது ஈழத் தமிழர்களுக்கும் தெரிந்த கணக்கு. 1983 ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாட்களில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். முதல் நாளில் 35 பேர், அடுத்த தாக்குதலில் 18 பேர். தாக்கியவர்கள் சக கைதிகள். முதல் கொலைகள் நடந்து ஒரு நாள் இடைவெளி இருந்தது. மிஞ்சியவர்களைக் காப்பாற்ற அந்த ஒரு நாள் போதுமானதாக இருந்தது. காப்பாற்றவில்லை. அந்தக் கொலைகளுக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

சரி, சாவி வைத்திருப்பவரிடம் கேள்வி கேட்கச் சட்டத்தில் இடம் இல்லையா? இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதை மூன்று வகையாகச் சொல்கிறது. தூண்டுவது, சதியில் சேர்வது, வேண்டுமென்றே உதவுவது. அந்த மூன்றாவது வகையில், ஒரு செயலால் உதவுவது மட்டுமல்ல, செய்தே ஆக வேண்டியதைச் சட்டவிரோதமாகச் செய்யாமல் விட்டு உதவுவதும் அடங்கும். பூட்ட வேண்டிய கதவைத் தெரிந்தே பூட்டாமல் விடுவதும், ஓட வேண்டிய நேரத்தில் வேண்டுமென்றே நிற்பதும் இதற்குள் வரக்கூடியவைதான். 19ஆம் நூற்றாண்டில் எழுதிய சட்டத்திலேயே இந்தச் சொற்கள் இருக்கின்றன.

ஆனால் நடைமுறையில் நாம் பார்க்கும் ஏணி வேறு. கைகளுக்குக் கொலைக் குற்றம்: ஆயுளோ தூக்கோ. சாவிக்குப் பணியிடை நீக்கம். அதையும் தாண்டினால் கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். 304ஏ பிரிவில் அதற்கு அதிகபட்சம் 2 ஆண்டு, புதிய சட்டத்தில் 5 ஆண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அந்தச் சட்டம் விதித்த கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை தண்டனை என்கிறது. அத்தை மகன் நின்றான், ஆயுள். சீருடையில் நின்றவருக்கு அரைச் சம்பளத்தோடு கொஞ்ச நாள் வீட்டில் இருப்பு. பாளையில் அன்று பணியில் இருந்தவர்கள் இன்ன குற்றம் செய்தார்கள் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. அது விசாரணையில் வர வேண்டியது. ஆனால் ஏழு பேரிடம் கேட்கும் அதே கேள்வியை அவர்களிடமும் கேட்க வேண்டும்: நடக்கப்போவது உனக்குத் தெரியுமா? தெரிந்தும் நின்றாயா?

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் டீ ஃபார்மர் என்ற திருநங்கை. ஆண்கள் சிறையில் அடைக்கப்பட்டு, அங்கே தாக்கப்பட்டு, பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தவர். ஒரு கைதிக்குப் பெரிய ஆபத்து இருப்பது அதிகாரிக்குத் தெரிந்திருந்து, அதைத் தடுக்க நியாயமாகச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால், அந்த அதிகாரியே பொறுப்பு என்று 1994இல் தீர்ப்பு வந்தது. அது இழப்பீட்டுக்கான வழக்குதான், குற்ற வழக்கு அல்ல. இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வியை அது சரியாகக் கேட்டது.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். வழக்குகளின் பெயர்களைப் பாருங்கள். 1993இல் நீலாபதி பெஹரா. ஒடிசாவில் காவல்துறை பிடித்துப்போன மகன் மறுநாள் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தான். அந்தத் தாய் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், கடிதமே மனுவானது, அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. 1995இல் கேவல் பதி. உத்தரப் பிரதேசச் சிறையில் கணவனைச் சக கைதி கொன்றார். தண்டனைக் கைதி என்பதால் உயிர் வாழும் உரிமை போய்விடாது என்ற அடிப்படையில் அந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் 1 லட்சம். 1998இல் மூர்த்தி தேவி. திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்த மகன் சக கைதிகளின் தாக்குதலில் இறந்தான். அந்தத் தாய்க்கு இரண்டரை லட்சம்.

கொலை வழக்குகளின் தலைப்பில் எப்போதும் அரசுக்கு எதிரே ஆண்களின் பெயர்கள். அரசைக் கூண்டில் ஏற்றிய வழக்குகளின் தலைப்பில் இந்தப் பெண்களின் பெயர்கள். செய்திப் படத்தில் தலைவிரிகோலமாக அழுபவளாக மட்டும் வரும் பெண், சட்ட வரலாற்றில் வழக்காடியாக நிற்கிறாள். காவலில் எடுத்துக்கொண்டவர் உயிருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற விதியை நமக்கு எழுதிக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். பாளையில் பிணவறை வாசலில் உடலை வாங்க மாட்டோம் என்று இருந்தவர்களையும் நான் இந்த வரிசையில்தான் வைத்துப் படிக்கிறேன்.

எங்கள் ஊரில் புள்ளிமான் சரணாலயம் ஒன்று இருக்கிறது. 2013இல் அறிவித்தார்கள். எல்லை தாண்டி நான்குவழிச் சாலைக்கு வந்து ஒரு மான் அடிபட்டுச் செத்தால், வனத்துறை ஆள் வந்து எழுதிக்கொண்டு போகிறார். எப்படி வெளியே வந்தது என்று ஊரே பேசுகிறது. 'மானுக்கும் லாரிக்கும் முன்விரோதம்' என்று யாரும் எழுதுவதில்லை. பாதுகாப்பதாக எடுத்துக்கொண்டவரிடம்தான் கேட்க வேண்டும் என்று மான் விஷயத்தில் எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது.

ஆனாலும் நீலாபதிகளும் மூர்த்தி தேவிகளும் வென்றது பணம். அந்தப் பணத்தையும் பொதுக் கருவூலம்தான் கொடுக்கிறது. பெயர் சொல்லி ஒருவரும் பொறுப்பேற்பதில்லை. அரசு காசைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறது.

இந்த இடத்தில்தான் தண்டனையைப் பற்றிப் பேச வேண்டும். சிறைக்குள்ளேயே கூட்டமாகக் கொலை செய்கிறவர்களை என்ன செய்வது? தூக்கில் போடு என்பது உடனே வரும் பதில். அந்தப் பதிலை நம் சட்டம் ஏற்கெனவே முயன்று பார்த்திருக்கிறது. ஆயுள் கைதி ஒருவர் கொலை செய்தால் கட்டாயம் மரண தண்டனை என்று 303ஆம் பிரிவு சொன்னது. மித்து வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்று அறிவித்தது. எந்தச் சூழலில், ஏன் நடந்தது என்று நீதிபதி கேட்கவே முடியாதபடி தண்டனையை முன்கூட்டியே எழுதிவைப்பது அரசியலமைப்பின் 14, 21 பிரிவுகளுக்கு எதிரானது என்பது அந்தத் தீர்ப்பு. இப்போது புதிய சட்டத்தின் 104ஆம் பிரிவு, ஆயுள் கைதி கொலை செய்தால் மரண தண்டனை, அல்லது சாகும்வரை சிறை என்கிறது. 103ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, பால், மொழி போன்ற காரணங்களால் கொலை செய்தால் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் என்கிறது. 2024 ஜூலைக்கு முன் நடந்தவற்றுக்கு இவை பொருந்தாது.

சாதிக்காகக் கூடிக் கொல்வதைச் சட்டம் தனியாகப் பெயர் சொல்லி அடையாளம் கண்டதை நான் வரவேற்கிறேன். ஆனால் தண்டனையை ஏற்றிக்கொண்டே போவதால் சிறைக்குள் நடக்கும் கொலை நின்றுவிடும் என்று நம்பவில்லை. ஆயுள் முழுவதும் உள்ளே இருக்கப்போகிறவரை இன்னோர் ஆயுளைக் காட்டி எப்படிப் பயமுறுத்துவது? அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தண்டனை பெரிதாகப் பெரிதாக, வழக்கு முடிந்துவிட்டது என்ற எண்ணமும் பெரிதாகிறது. ஏழு பேருக்குக் கொடுக்கும் கடுந்தண்டனை எட்டாவது ஆளைக் காப்பாற்றும் திரையாகிவிடுகிறது.

லண்டனுக்கு அருகே ஃபெல்தம் சிறையில் 2000 மார்ச் 21 அன்று ஜாஹித் முபாரக் என்ற 19 வயது இளைஞர், ஒரே அறையில் வைக்கப்பட்டிருந்தவரால் தாக்கப்பட்டு, ஒரு வாரத்தில் இறந்தார். அன்று காலையில் விடுதலையாகி வீட்டுக்குப் போக வேண்டியவர். தாக்கியவர் கடும் இனவெறியர். அது அவர் எழுதிய கடிதங்களிலேயே இருந்தது. கொலையாளிக்கு அந்த ஆண்டே ஆயுள் தண்டனை கிடைத்தது. அதோடு முடிந்தது என்றது அரசு. இவர்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டது யார் என்று குடும்பம் கேட்டுக்கொண்டே இருந்தது. பொது விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்று 2003இல் அந்நாட்டின் உச்ச மன்றம் உத்தரவிட்டது. 2006இல் வந்த விசாரணை அறிக்கை, சிறை நிர்வாகத்தின் தவறுகளை வரிசையாக அடுக்கிக் காட்டியது. கொலையாளிக்குத் தண்டனை கிடைத்தபோது அந்த வழக்கில் பாதிதான் முடிந்திருந்தது.

தண்டனை விசாரணையில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் குற்றவாளியின் வாழ்க்கைப் பின்னணி, மனநிலை, சிறையில் அவருடைய நடத்தை ஆகியவற்றை நீதிமன்றம் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. நல்ல வழிகாட்டல். ஆனால் கொலை நடந்ததே சிறைக்குள் என்றால்? நடத்தை அறிக்கையை எழுதிக் கொடுப்பது அதே சிறை. சாட்சிகள் அந்தச் சிறையின் காவலர்களும், அவர்கள் பொறுப்பில் நாளைக்கும் படுத்து எழ வேண்டிய கைதிகளும். பதில் சொல்ல வேண்டியவரே சாட்சியாகவும் சான்றளிப்பவராகவும் இருக்கிறார். காவலில் நடக்கும் மரணத்தை நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த விசாரணை இறந்தது எப்படி என்பதோடு நின்றுவிடாமல், அங்கே அனுப்பியது யார், இருந்த ஆபத்து யாருக்குத் தெரியும் என்பதையும் எழுத வேண்டும். சாட்சி சொல்லும் கைதியை உடனே வேறு சிறைக்கு மாற்ற வேண்டும். இவை நடந்த பிறகுதான் ஏழு பேருக்கு எவ்வளவு என்று பேசுவதில் நியாயம் இருக்கும்.

இதுவரை எழுதியதெல்லாம் அரசைப் பற்றியது. அதோடு நிறுத்தினால் நானும் பாதி வழக்கைத்தான் முடித்தவள் ஆவேன்.

நான் பிறந்த சாதி இந்தக் கதைகளில் அரிவாள் பிடித்த பக்கம். அத்தை மகன் அந்தக் கூட்டத்தோடு போவதற்கு இரண்டு நாள் முன்பு, வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவன் தயங்கினான். நமக்கு எதற்கு என்றான். அப்போது முற்றத்தில் இருந்து ஒரு குரல் வந்தது: "சேல ஒண்ணு எடுத்துத் தாரேன், கட்டிக்கிடுதியால?" சொன்னது ஆண் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்களில் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நானும் சிரித்தேன்.

சேலை கட்டிக்கொள் என்று ஓர் ஆணைப் பார்த்து ஒரு பெண் சொல்வதில், தன்னைத்தானே எவ்வளவு கேவலமாக நினைத்துக்கொள்கிறாள் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் உறைத்தது. பெண்ணாக இருப்பது அவமானம், கொல்லாமல் இருப்பது பெண்தன்மை, ஆகவே கொல். சாதி தன் வேலையைப் பெண்ணின் நாக்கை வைத்துச் செய்துகொள்கிறது. செய்து முடித்த பிறகு, மாதாமாதம் மனுப் போட்டுப் பார்க்கும் வேலையையும் அதே பெண்ணிடம் கொடுக்கிறது. வெளியே நாங்கள் கட்டிக்கொடுத்த அந்த ஆண்மையைத்தான் எங்கள் பையன்கள் துணி மூட்டையோடு உள்ளே கொண்டு போகிறார்கள். சிறை அவர்களைச் சாதிப்படி ஓரிடத்தில் சேர்த்து வைத்து, அதை வளர்த்தும் விடுகிறது.

149ஆம் பிரிவு என்னைத் தொடாது. சட்டப்படி நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனால் பெண்ணியம் பேசுகிறவள், நடக்கப்போவது தெரிந்தும் நின்றாயா என்ற கேள்வியைச் சிறைக் காவலரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் தன் வீட்டு முற்றத்தைத் தாண்டிப் போய்விட முடியாது.

2021இல், வாகைக்குளத்துக் குடும்பம் உடலை வாங்காமல் இருந்த அந்த நாட்களில், நான் அத்தைக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டினேன். எதிர்ப்பக்கத்துப் பையன் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். முழுதும் கேட்டாள். மகனை உள்ளே வைத்திருப்பவள் அல்லவா. கடைசியில், "அவிய கேக்கதுல என்ன தப்பு? சாவி வச்சிருந்தவன்கிட்டதான கேக்க முடியும்" என்றாள்.

"நம்மகிட்ட யாரும் கேக்க வேண்டாமா அத்தே?" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. எங்கள் வழக்கில் இறந்துபோனவனின் அம்மாவும் இதே ஊர் நிறுத்தத்தில்தான் பஸ் ஏறுகிறாள். பல ஆண்டுகளாக இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காதது போல நின்று ஏறி இறங்குகிறார்கள். அத்தை அதைத்தான் நினைத்தாளா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த முறை மகனைப் பார்த்துவிட்டு வந்தபோது வழக்கம்போலத் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தாள். "கூட நின்னான்" என்றாள். அவ்வளவுதான். 'கூடத்தான்' என்று சொல்லவில்லை. அந்த ஒரு 'தான்' இல்லாமல் அவள் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.